தீர்ந்துபோன நாலு பேட்டரிக் கட்டை

காசிநாதன் அண்ணன் முதல் தடவை கிதாரோடு என் கடைக்குள் நுழைந்தபோது நான் அவரைத் துரத்தத்தான் பார்த்தேன். எழுபத்தெட்டாம் வருஷம், சீசன் முடிந்து ஊர் காலியாகக் கிடந்த ஆவணி மாதம். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் எனக்கு ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. கடை என்றால் ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், ஒரு நாற்பது வாட் பல்பு, அவ்வளவுதான். பூண்டு விவசாயம் நமக்கு ஆகாது என்று மேல்மலையிலிருந்து கிளம்பிப்போய், திண்டுக்கல்லில் மூன்று வருஷம் தொழில் படித்துவிட்டு, அப்போதுதான் 'திருமலைச்சாமி ரேடியோஸ்' என்று போர்டு மாட்டியிருந்தேன். கொட்டை எழுத்தில் ரேடியோ என்று எழுதியிருக்கும் கடைக்குள் ஒருவர் கிதாரைத் தூக்கிக்கொண்டு வந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

"அண்ணே, இது ரேடியோக் கடை," என்றேன்.

"இதுலயும் பாட்டு வரும் தம்பி. ஒரு கம்பி அறுந்திருச்சு. அதான் கொண்டாந்தேன்."

மரப்பெட்டியில் ஆறு முறுக்காணி, ஐந்து கம்பி. ஆளைப் பார்த்தால் நாற்பதைத் தாண்டியவர். காக்கி அரைக்கால் சட்டை, அதற்கு மேல் யாரோ வெள்ளைக்காரர் போட்டுக் கழித்த கோட்டு. எனக்கு வேறு சோலியும் இல்லை. சைக்கிள் பிரேக் வயரைப் பிரித்து அதிலிருந்து ஒரு இழையை எடுத்து மாட்டிக் கொடுத்தேன். அவர் விரலால் ஒரு இழு இழுத்தார். நான் கேட்ட எந்தப் பாட்டிலும் அப்படி ஒரு சத்தம் கிடையாது. ஆனால் கேட்க நன்றாகத்தான் இருந்தது, அதை நான் அப்போது சொல்லவில்லை.

ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில் அவர் தோட்டக்காரர். அங்கே வாடகைக்கு இருந்த ஒரு தாடிக்கார வெள்ளைக்காரன் ஊருக்குப் போகும்போது கிதாரை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவன் கம்பிகளை எப்படி முறுக்கி வைத்திருந்தானோ, ஒன்றையும் அழுத்தாமல் மொத்தமாக மீட்டினாலே ஒரு பாட்டு தொடங்குகிற மாதிரி சத்தம் வரும். நடுவில் ஒரு விரலைக் குறுக்கே படுக்கவைத்தால் வேறொரு சத்தம். காசிநாதன் அண்ணனுக்குத் தெரிந்தது இந்த இரண்டு சத்தம்தான். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஐந்து வருஷம் ஓட்டினார். முறுக்காணியை அவர் தொடவே மாட்டார். தொட்டால் வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனது கலைந்துவிடும் என்று பயம். மழைக்காலத்தில் மரம் ஊதிக் கம்பி தொய்ந்தால், கிதாரைக் கம்பளியில் சுற்றி அடுப்புப் பக்கம் படுக்கவைப்பார். பிள்ளை இல்லாத வீட்டில் அதற்குத்தான் அந்த இடம் என்று சுப்பம்மா அக்கா, அவர் சம்சாரம், சிரித்துக்கொண்டே சொல்லும். அந்தச் சிரிப்பை நான் முழுசாக நம்பியதில்லை.

இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் இரண்டு பேரும். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்டதில் இவர்கள் இந்தியாவின் பங்குக்கு வந்தார்கள். எழுபத்து நாலில் கோச்சி ஏறி, கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கி, அங்கிருந்து லாரியில் கொடைக்கானல். ரயிலை அவர் கடைசிவரை கோச்சி என்றுதான் சொன்னார், டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொன்னார், தோட்டத்து வரிசை வீட்டை லயம் என்றும் அதில் ஓர் அறையைக் காம்பரா என்றும்தான் சொன்னார். முதலில் காட்டில் மரப்பட்டை உரிக்கிற வேலை, அப்புறம் பங்களா. ஊருக்குக் கீழே தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. கரண்டு கிடையாது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சத்தை அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

எண்பத்து மூன்று ஆடியில் அது மாறியது. ஒரு மத்தியானம் கடையில் ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. இலங்கையில் கலவரம், கடைகள் எரிப்பு, தோட்டங்களிலும் தாக்குதல். காசிநாதன் அண்ணன் மண்ணெண்ணெய் டின்னோடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். செய்தி முடிந்து விவசாய நிகழ்ச்சி தொடங்கியும் நகரவில்லை.

"என்னண்ணே, ஆளுக அங்க இருக்காகளா?" என்று கேட்டேன்.

"அக்கா," என்றார்.

அப்புறம்தான் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அக்கா பேர் வீரம்மா. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் இவரைத் தூக்கி வளர்த்தது அவர்தான். அக்காவைக் கட்டிய ஆளுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது, அதனால் அக்கா அங்கேயே நின்றுவிட்டார். இவர்களைக் கொண்டுபோக லாரி செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தது. இவர் அக்காவிடம் வியாழக்கிழமை என்று பொய் சொல்லிவிட்டார்.

"ஏன்ணே?"

"அவ அழுதா நான் லாரி ஏற மாட்டேன் தம்பி. அவ மேல் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தா. லாரியில இருந்து பாத்தா கூடை தெரிஞ்சிச்சு. கூப்பிட்டா கேக்கிற தூரம். கூப்பிடல."

அதற்கப்புறம் ஊர்க்காரர் ஒருவரை வைத்து எட்டுக் கடிதம் எழுதிப் போட்டிருக்கிறார். ஒன்பது வருஷத்தில் ஒன்றுக்கும் பதில் இல்லை. அக்கா கோபமாக இருக்கிறார் என்று தெரியும், அந்தக் கோபத்தைக்கூட இவர் பத்திரமாக வைத்திருந்தார் என்றுதான் தோன்றியது. இப்போது இந்தச் செய்தி. பதில் வராமல் இருப்பது கோபத்தாலா, ஆளே இல்லாததாலா என்று இனிமேல் எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்டார்.

பாட்டு அந்த வாரம்தான் தொடங்கியது. கடிதத்தை அக்காவுக்கு வேறு யாரோ படித்துக் காட்ட வேண்டும், படிப்பவர் குரலில் போய்விடும், அதனால்தான் அவளுக்கு உறைக்கவில்லை என்று அவருக்கு ஒரு கணக்கு. சவுதிக்குப் போனவர்கள் கேசட்டில் பேசி அனுப்புகிறார்கள் என்று எங்கேயோ கேட்டிருக்கிறார். "பேசினா எனக்கு வராது தம்பி. பாடிட்டா சொல்லிடுவேன்," என்றார்.

விறகு பிளக்கும்போது ஒரு வரி வரும். மறந்துவிடும் என்று பயந்துபோய் பாதி விறகோடு கடைக்கு ஓடிவருவார், நான் பில் புத்தகத்தின் முதுகில் எழுதிவைக்க வேண்டும். மறுநாள் வந்து ஒரு சொல்லை மாற்றச் சொல்வார். அதற்கு மறுநாள் பழையதே இருக்கட்டும் என்பார். நான்கு வரிக்கு ஒன்றரை மாதம். கடையில் கஸ்டமர் இருக்கும்போதும் வருவார், நான் சிடுசிடுப்பேன், அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். வரி இப்படி நின்றது:

கூடைய எறக்கி வையக்கா
கொழுந்து ஓடிப் போகாது
போயிட்டு வாரேன் சொல்ல வந்தேன்
கேட்டாப் போதும், பேசாத.

மலைய விட்டு எறங்கி வந்தேன்
மறு மலையில ஏறிட்டேன்
ஒன் மலைக்கும் என் மலைக்கும்
ஊடால கடலு கெடக்குதே.

வரி நின்றதும் மெட்டில் குழப்பம் வந்தது. சுப்பம்மா அக்கா அதைக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிற மெட்டாக இருக்கிறதே என்றது. என் மாமா ராயப்பன் பூண்டு மூட்டையோடு கடைக்கு வந்தவர், இது காவடி மெட்டு, பழனி போகும்போது நானே பாடியிருக்கிறேன் என்றார். நான் பெரிய மேதாவி மாதிரி, ஏதோ சினிமாப் பாட்டின் சாயல் என்று சொல்லித்தொலைத்தேன். மனுஷர் ஒரு வாரம் கிதாரைத் தொடவில்லை. "என்னோடதுன்னு நெனச்சேன். இது யாரோடதுன்னு எனக்கே விளங்கல," என்றார். அப்புறம் அவராகவே, மூன்று பேரும் மூன்று மெட்டைச் சொல்வதால் மூன்றுமே இல்லை என்று முடிவுகட்டிக்கொண்டு திரும்பி வந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

கடையில் யாரோ ரிப்பேருக்குக் கொடுத்து மூன்று வருஷமாக வாங்காமல் போன ஒரு டேப்ரெக்கார்டர் கிடந்தது. அதைச் சரிபார்த்து, ஒரு புதுக் கேசட்டும் நாலு புதுப் பேட்டரிக் கட்டையும் போட்டுக் கொடுத்தேன். சிவப்புப் பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அமுக்க வேண்டும் என்று சுப்பம்மா அக்காவுக்குப் பாடம் நடத்தினேன். மறுநாள் தங்கச்சி கல்யாணத்துக்காகக் கடையைப் பூட்டிவிட்டு எட்டு நாள் ஊருக்குப் போய்விட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

அந்த எட்டு நாளில் நடந்ததை அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காசிநாதன் அண்ணன் உடனே பதிவு செய்யவில்லை. மெஷினுக்கும் பாட்டுக்கும் முதலில் பழக்கம் ஆக வேண்டும் என்று, கேசட்டை எடுத்து வைத்துவிட்டு, வெறும் மெஷினை ஓடவிட்டு அதன் முன்னால் நாலு நாள் பாடிப் பழகியிருக்கிறார். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மழை கொஞ்சம் விட்டது. தகரக் கூரையில் சத்தம் நிற்க மத்தியானம் வரை காத்திருந்து, வாசலில் கம்பளியைத் தொங்கவிட்டு, கோழியைக் கூடையில் கவிழ்த்து, கேசட்டைப் போட்டுப் பட்டனை அமுக்கினால் சக்கரம் அசையவில்லை. கட்டை தீர்ந்துவிட்டது. என் கடை பூட்டு.

தீர்ந்த கட்டையை வெயிலில் காயவைத்தால் இன்னும் கொஞ்சம் ஓடும் என்று கீழ்நாட்டில் எல்லாரும் செய்வதுதான். கார்த்திகை மாதக் கொடைக்கானலில் வெயிலுக்கு எங்கே போவது? எங்கள் மலையில் அடுப்புத்தான் வெயில். சுப்பம்மா அக்கா நாலு கட்டையையும் அடுப்பு மேட்டில், கிதாருக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்திச் சூடேற்றி, சூடு ஆறுவதற்குள் துணியால் பிடித்து உள்ளே போட்டது. சக்கரம் ஓடியது. அவர் பாடினார். பாடி முடிக்கவும் சக்கரம் நிற்கவும் சரியாக இருந்ததாம். போட்டுக் கேட்க வழியில்லை.

நான் கடை திறந்த அன்று வெள்ளனே இருவரும் வந்து நின்றார்கள். மெஷினைக் கரண்டில் சொருகி ஓடவிட்டேன்.

முதலில் கோழி முனகியது. அப்புறம் கிதார், அந்த இரண்டு சத்தம். அப்புறம் காசிநாதன் அண்ணன் குரல், அவருடைய கட்டைக் குரல்தான். இரண்டு வரி அப்படியே போனது. மூன்றாவது வரியில் குரல் இளகியது. நாலாவதில் இன்னும் மேலே ஏறியது. 'மலைய விட்டு எறங்கி வந்தேன்' என்கிற இடத்துக்கு வரும்போது பாடுவது ஆண் இல்லை. ஒரு பெண், இளவயசுப் பெண், கொஞ்சம் அவசரமாக, தெளிவாகப் பாடிக்கொண்டிருந்தாள். கிதாரும் அவளுக்குத் தக்கபடி மேலே போய்விட்டது. கடைசி வரியை அவள்தான் முடித்தாள்.

சுப்பம்மா அக்கா மெஷினை நோக்கிக் கையை நீட்டியது. "இது எங்க நாத்தனா கொரலு," என்றது.

காசிநாதன் அண்ணன் இன்னொரு தடவை போடச் சொல்லி விரலை ஆட்டினார். போட்டேன். அவர் கண் கேசட்டின் மேலேயே இருந்தது. "அக்காதான்," என்றார்.

எனக்குப் பேய், ஆவி எல்லாம் கிடையாது; எனக்கு வோல்ட் உண்டு, ஆம்பியர் உண்டு. விளக்கிச் சொன்னேன். கட்டை தீரத் தீர மெஷின் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிப் பிடித்ததைச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் குரல் மெலிந்து மேலே ஏறும். கடைசியில் பாடியதும் நீங்களேதான் என்றேன். இருவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

"அப்ப எங்கக்கா கொரலு மாதிரி ஏன் வரணும்? வேற பொம்பள கொரலு மாதிரி வந்திருக்கலாமில்ல?" என்று கேட்டார்.

"கூடப் பொறந்தவருதானண்ணே. சாயல் இருக்கும்."

சொன்னேனே தவிர, அவர்கள் போனதும் நானே நாலு கட்டையைத் தீரவிட்டுச் சூடேற்றி என் குரலில் பாடிப் பதிந்து பார்த்தேன். எலி கத்துகிற மாதிரி இருந்தது. இன்னொரு தடவை பார்த்தேன், அப்போதும் எலிதான். என் அக்கா தங்கச்சி ஒருத்தி குரலும் வரவில்லை. எனக்கே மண்டை குழம்பிவிட்டது. அதை அவர்களிடம் சொல்லவில்லை.

அடுத்த ஒரு மாதம் அந்த வீடு இரண்டுபட்டுக் கிடந்தது. உயிரோடு இருக்கிறவள் குரல் தானாக வந்து பாடாது, நாத்தனா போய்ச் சேர்ந்துவிட்டாள், தம்பியிடம் சொல்லிக்கொள்ள வந்திருக்கிறாள், விளக்கேற்றிப் படைக்க வேண்டும் என்று சுப்பம்மா அக்கா நின்றது. இவர் ஒரு நாள் சரி என்பார். படையலுக்குத் தேங்காய் வாங்கக் கடைத்தெருவுக்கு வந்தவர் வாங்காமல் என் ஸ்டூலில் வந்து உட்காருவார்.

"நீங்க மெசினுக்காரரு. நீங்க சொல்லுங்க தம்பி. எங்கக்கா இருக்காளா இல்லையா?"

"அது மெஷினுக்குத் தெரியாதுண்ணே."

"செத்தவளுக்கு எப்பிடிப் பார்சல் போடுறது? இருக்கிறவளுக்கு எப்பிடிப் படையல் வைக்கிறது?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. குழப்பத்தை ஒழிக்கலாம் என்று அவரைக் கடையிலேயே உட்காரவைத்து, கரண்டில் ஓடவிட்டு, வேறு கேசட்டில் முழுசாகப் பாடவைத்துப் பதிந்தேன். சுத்தமாக வந்தது. தொழில் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று எனக்குப் பெருமை. போட்டுக் காட்டியதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"இது யாரு?"

"நீங்கதாண்ணே. ஆரம்பத்திலிருந்து கடைசிவரைக்கும் நீங்கதான்."

"இந்தாளுக்குக் கொரலே இல்லையே. இவன் கேட்டா அக்கா எப்பிடி மன்னிப்பா?"

இப்போது கேசட் இரண்டாகிவிட்டது. சரியாகப் பதிந்தது அவருக்குப் பொய்யாகத் தெரிந்தது, கெட்டுப்போனது நிஜமாகத் தெரிந்தது. சரியானதையே அனுப்புங்கள் என்றேன் நான். படையலை விட்டுக்கொடுத்த சுப்பம்மா அக்கா, அனுப்புவதென்றால் அடுப்பில் சுட்டதைத்தான் அனுப்ப வேண்டும் என்றது. தை மாதம் ஒரு நாள் தபாலாபீஸுக்குப் போனார். அரைமணி நேரத்தில் மூச்சு வாங்க என்னிடம் திரும்பி வந்தார். வெளிநாட்டுப் பார்சலுக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பாட்டு என்றிருக்கிறார். யார் பாடியது என்று கவுண்ட்டரில் இருந்தவர் சும்மா பேச்சுக்குக் கேட்டிருக்கிறார். இவர் கேசட்டை எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டார்.

"கேசட் ஒண்ணுன்னு மட்டும் எழுதுங்கண்ணே," என்று நானே தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். எதைப் போட்டார் என்று கேட்க மறந்துவிட்டேன். பிறகு கேட்டபோது சொல்லவில்லை.

பத்து மாதம் ஒரு தகவலும் இல்லை. அவர் கிதாரை எடுப்பதைக் குறைத்துக்கொண்டார். பங்களாவில் டேலியாப் பூவுக்குப் பதிலாக ஒரு வரிசை முட்டைக்கோஸை நட்டுவைத்துத் திட்டு வாங்கினார். கவனம் இங்கே இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. சுப்பம்மா அக்கா அவருக்குத் தெரியாமல் ஒரு விளக்கை மட்டும் ஏற்றியது. படைக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பாதியளவில் நிறுத்திக்கொண்டதாக என்னிடம் சொன்னது.

எண்பத்து நாலு ஐப்பசியில் வெள்ளைத் துணி வைத்துத் தைத்த ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. பிரிக்காமலேயே கடைக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே ஒரு கேசட். அவர்கள் கூடவே தூக்கிவந்த மெஷினைக் கரண்டில் சொருகி அதைப் போட்டேன்.

முதலில் யாரோ இருமினார்கள். பிறகு ஒரு குரல். கனத்த குரல். ஆண் என்றுதான் நினைத்தேன்.

"தம்பி காசி. நான் அக்கா கதைக்கிறேன். உசுரோடதான் இருக்கேன்."

சுப்பம்மா அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது.

"போன வருசம் ஆடியில லயத்த விட்டுட்டு நாலு நாளு தேயிலைக்குள்ள படுத்துக் கெடந்தோம். ரெண்டு காம்பரா எரிஞ்சு போச்சு. நம்ம காம்பராவுக்கு ஒண்ணும் இல்ல. ஒன் கடுதாசி எல்லாம் வந்திச்சு. வேணும்னுதான் பதில் போடல. நீ வியாழக்கெழமன்னு சொன்ன. வழிக்குச் சாப்பிட ரொட்டி சுட்டு எடுத்தாந்தேன். வந்து பாத்தா காம்பரா தெறந்து கெடந்திச்சு. அந்த ரொட்டிய நாய்க்குப் போட்டேன். சொல்லாமப் போயிட்டானேன்னு அதையேதான் பத்து வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

கொஞ்ச நேரம் இருமல். கேசட் ஓடிக்கொண்டிருந்தது. காசிநாதன் அண்ணன் மெஷின் பக்கம் குனிந்தார்.

"இப்ப இந்தப் பாட்டு வந்திச்சு. மொதல்ல நீ பாடுற. போகப் போக நான் பாடுறேன். அது என் கொரலுதான், கொழுந்து எடுக்கிற காலத்துக் கொரலு. இருமி இருமி அது போயி ரொம்ப நாளாச்சு. பேரப்புள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டுனேன், ஆயா கொரலான்னு கேட்டு நம்பவே இல்ல. நான் எப்ப ஒன்னோட சேந்து பாடுனேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். நெனப்பு வரல. ஆனா பாட்டுல போயிட்டு வாரேன்னு இருக்கு, நான் கூடப் பாடியிருக்கேன். அப்ப நீ சொல்லிட்டுத்தான் போயிருக்க. நாந்தான் மறந்துட்டேன். பத்து வருசம் ஒம்மேல பழி போட்டுட்டேன் தம்பி. என்னைய மன்னிச்சிரு. இது மாதிரி வேற பாட்டு இருந்தா அனுப்பு. எங்கொரல எனக்குக் கேக்கணும் போல இருக்கு."

அத்தோடு முடிந்தது. அடுப்பில் சூடேற்றிப் பிடித்ததைத்தான் அனுப்பியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அங்கே யாருடைய மெஷினோ வேகமாக ஓடியதால்தான் அந்த அம்மாள் குரல் இப்படிக் கனத்து வந்ததோ என்றும் ஒரு நிமிஷம் யோசித்தேன். எது நிஜக் குரல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"மன்னிப்பு நான் கேட்டேன் தம்பி," என்றார் காசிநாதன் அண்ணன். "அவ எங்கிட்ட கேக்குறா."

சந்தோஷத்தில் அழவா, வெட்கத்தில் அழவா என்று தெரியாத முகம். சுப்பம்மா அக்கா கடைக்குள் இருக்கிற எல்லாத் திசைக்கும் கும்பிடு போட்டது.

அடுத்த பத்து நாள் அவர் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டார். நிஜத்தைச் சொன்னால் அக்காவுக்கு அந்தக் குரல் போய்விடும், திறந்து கிடந்த காம்பரா திரும்பி வந்துவிடும். சொல்லாவிட்டால் செய்யாத தப்புக்கு அவள் மன்னிப்புக் கேட்டது அப்படியே நிற்கும். காலையில் சொல்லிவிடுகிறேன் என்பார், சாயங்காலம் வேண்டாம் என்பார். நான் சொல்லாதீங்க என்றேன். மறுநாள் எனக்கே அது சரியாகப் படாமல், சொல்லிருங்கண்ணே என்றேன். வோல்ட் கணக்குக்குள் அடங்காத விஷயத்தில் எனக்கு ஒரு யோசனையும் ஓடாது என்று அந்தப் பத்து நாளில் தெரிந்துகொண்டேன்.

பதினொன்றாம் நாள் முகச்சவரம் செய்துகொண்டு வந்தார். கையில் கிதார் இல்லை. ஒரு துண்டு மட்டும்.

"தீந்துபோன பேட்டரிக் கட்டை நாலு இருக்குமா தம்பி?"

"புதுசு தாரேன்ணே."

"புதுசு வேணாம். தீந்துபோனதுதான் வேணும். ஒரு விசயம் கேக்கணும். அடுப்புல வச்சு எடுத்துப் போட்டா, எத்தன நேரம் எங்கொரலு எங்கொரலாவே நிக்கும்?"

எதற்கு என்று கேட்டேன்.

"புதுப் பாட்டு ஒண்ணு வச்சிருக்கேன். லாரி வந்தது செவ்வாக்கெழம, வியாழன்னு சொன்னது நான், கூடை தெரிஞ்சும் கூப்பிடல. அத எங்கொரல்லயே பாடி முடிச்சிடணும். அது அவ கொரல்ல வரக் கூடாது. அதுக்கப்புறம் மிச்சப் பாட்ட அவ பாடட்டும்."

நான் குப்பையில் போடுவதற்காகப் பழைய கட்டைகளை ஒரு டின்னில் சேர்த்து வைத்திருந்தேன். அதைக் கவிழ்த்து, மீட்டரை எடுத்து ஒவ்வொரு கட்டையாக வைத்துப் பார்த்தேன். ரொம்பச் செத்ததும் ஆகாது, ரொம்ப உயிர் இருப்பதும் ஆகாது. ஒரு மணி நேரம் ஆயிற்று. ரிப்பேருக்கு வந்த இரண்டு பேரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். கடைசியில் நாலு தேறியது.

"ரெண்டு நிமிசம் தாங்கும்ணே," என்றேன்.

"போதும். பொய் சொன்னதுக்கு அம்புட்டு நேரம்கூட ஆகல," என்று சொல்லிவிட்டு, நாலையும் துண்டில் முடிந்துகொண்டு வீட்டுக்கு இறங்கிப் போனார்.